கலர் அடித்த படமா? ஜேம்ஸ் வெப் படங்களைப் பற்றி ஒரு சண்டை

வாவிக்கரை | மட்டக்களப்பு

என் மாமாவுக்கும் எனக்கும் மூன்று நாட்களாக முகம் கொடுத்துப் பேச்சில்லை. காரணம் நாசாவின் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைகாட்டி.

மாமா நகரத்தில் முப்பது வருடங்களுக்கு மேல் ஸ்டூடியோ நடத்தியவர். கலர் ஃபிலிம் வருவதற்கு முன்பு கறுப்பு வெள்ளைப் படங்களுக்குக் கையால் நிறம் ஏற்றியவர். ஈர்க்கில் நுனியில் பஞ்சைச் சுற்றி, சாயத்தில் ஒற்றி, மணப்பெண்ணின் கன்னத்தில் மெல்லச் சிவப்பைப் பரப்புவதைச் சிறுவயதில் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். அப்போது மூச்சுக்கூட விடக்கூடாது, அடி விழும்.

வெப்பின் முதல் ஆழ்புலப் படத்தை, அதாவது வானத்தின் ஒரு சிறு இடத்தை நெடுநேரம் உற்றுப் பார்த்து எடுத்ததை, நான் முதலில் பார்த்தது 2022 ஜூலையில், பெற்றோல் வரிசையில். கொழும்பில் நாடே தலைகீழாகிக்கொண்டிருந்த வாரம் அது. எனக்கு முன்னால் இருநூறு மோட்டார் சைக்கிள்கள், கையில் கீறல் விழுந்த கைபேசி, அதன் திரையில் ஆயிரக்கணக்கான விண்மீன் மண்டலங்கள். அந்தப் படத்தைத்தான் இப்போது வாங்கிய பெரிய திரையில் மாமாவுக்குக் காட்டினேன். கண்ணாடியைக் கழற்றினார், சாரத்தில் துடைத்தார், மறுபடி போட்டுக்கொண்டு கிட்டப் போய்ப் பார்த்தார்.

"கலர் அடித்த படம்" என்றார்.

"நாசா ஏன் மாமா பொய் சொல்லப்போகிறது?" என்றேன். அவர் என்னை ஏறிட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னது இது: "நான் சேலைக்குக் கலர் அடித்தால் என்ன நிறச் சேலை என்று வீட்டாரிடம் கேட்டுவிட்டுத்தான் அடிப்பேன். இவர்கள் யாரிடம் கேட்டார்கள்?"

என்னிடம் பதில் இல்லை. உங்களிடம் இருக்கிறதா?

சும்மா ஒருவன் | ஏறாவூர்

மாமா சொல்வதுதான் சரி. எல்லாம் கணினியில் செய்த வேலை. இதற்கு 1000 கோடி டொலர்! நம் நாடு 2022 இல் கட்ட முடியாமல் கைவிரித்த வெளிநாட்டுக் கடனில் ஐந்தில் ஒரு பங்கு ஒரு கண்ணாடிக்குப் போயிருக்கிறது.

பௌதிக டீச்சர் | களுவாஞ்சிகுடி

விலை பற்றிச் சண்டை போட விரும்புபவர்கள் தனி இழை தொடங்குங்கள், அங்கே வந்து நானும் போடுகிறேன். இங்கே மாமாவின் கேள்வி நல்ல கேள்வி, அதைக் கெடுக்க வேண்டாம்.

தம்பி வாவிக்கரை, முதலில் மாமாவிடம் மன்னிப்புக் கேளுங்கள். அவர் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. வெப் தொலைகாட்டியிலிருந்து வரும் ஒவ்வொரு படமும் கறுப்பு வெள்ளைதான். அதன் உணரிக்கு நிறம் தெரியாது, எந்தப் புள்ளியில் எவ்வளவு ஒளி விழுந்தது என்று எண்ண மட்டுமே தெரியும். நிறம் பிறகு பூமியில் ஏற்றப்படுவது.

இப்போது வீட்டில் ஒரு சோதனை செய்யுங்கள். டிவி ரிமோட்டை எடுத்து, அதன் முனையில் இருக்கும் சிறு குமிழைக் கைபேசியின் முன்பக்கக் கமராவுக்கு நேரே பிடித்து ஏதாவது ஒரு பொத்தானை அழுத்துங்கள். வெறுங்கண்ணுக்கு ஒன்றும் தெரியாது. திரையில் வெள்ளையும் ஊதாவுமாக ஒரு வெளிச்சம் மினுக்கும். என் வகுப்பில் ஜன்னல்களுக்குப் பழைய திரைச்சீலையைக் கட்டிவிட்டு இதைக் காட்டினால் கடைசி வாங்கில் இருப்பவர்கள்கூட எழுந்து நிற்பார்கள். அது செங்கீழ்க்கதிர். இந்தியப் பத்திரிகைகளில் அகச்சிவப்பு என்று எழுதுவார்கள், இரண்டும் ஒன்றுதான். அந்த ஊதா ரிமோட்டின் நிறமா? இல்லை. ரிமோட் ஒளிக்கு நம் கண்ணின் கணக்கில் நிறமே கிடையாது. கமராவின் மூன்று நிற வடிகட்டிகள் வழியாகவும் அது கசிந்து நுழைகிறது. கசிந்ததைக் கமரா தனக்குத் தெரிந்த நிறத்தில் காட்டுகிறது. ஆனால் ஒளி அங்கே இருப்பது பொய்யில்லை.

வெப் இதையே ஒழுங்காகச் செய்கிறது. பெற்றோல் வரிசையில் நீங்கள் பார்த்த அந்தப் படத்தை ஒரே இடத்தை ஆறு வடிகட்டிகள் வழியாக எடுத்தார்கள், மொத்தம் பன்னிரண்டரை மணி நேரம். முதல் வடிகட்டி 0.9 மைக்ரோன் (ஒரு மைக்ரோன் மில்லிமீற்றரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) அலைநீளத்தை ஒட்டிய ஒளியை விடும், கடைசியானது 4.4 மைக்ரோனை ஒட்டியதை. ஆறு கறுப்பு வெள்ளைப் படங்கள். அவற்றில் குறுகிய அலைநீளத்துக்கு நீலம், நடுவில் உள்ளதற்குப் பச்சை, நீண்டதற்குச் சிவப்பு. வானவில்லின் வரிசை அப்படியே காக்கப்படுகிறது. ஒரு மண்டலம் படத்தில் சிவப்பாக இருந்தால், அதன் ஒளி நீண்ட அலைநீளத்தில் கூடுதலாக வந்தது என்று பொருள்.

ஆகவே மாமாவுக்குச் சொல்லுங்கள்: சேலையின் நிறத்தைச் சேலையிடமே கேட்டிருக்கிறார்கள். ஆறு தடவை கேட்டிருக்கிறார்கள்.

எந்தச் சிவப்பு, எவ்வளவு பளிச்சென்று, இருட்டை எவ்வளவு தூக்கிக் காட்டுவது என்பவை படத்தைத் தயாரிப்பவரின் கைவேலை. அதை மறைக்க வேண்டியதில்லை. அந்த இடத்துக்கே போய் நின்றாலும் உங்கள் கண்ணுக்கு அப்படித் தெரியாது.

தறிக்காரன் | மருதமுனை

டீச்சர், அஸ்ஸலாமு அலைக்கும். நான் நெசவுக்காரன், சாயம் போடுபவன். எனக்கு ஒரு சந்தேகம். ஏன் கண்ணுக்குத் தெரியாத ஒளியில் எடுக்க வேண்டும்? வெப்புக்கு முந்திய விண்வெளித் தொலைகாட்டி ஹபிள் நல்ல ஒளியிலேயே எடுத்ததே, அதுவே போதாதா? தொலைவில் இருப்பதைப் பார்க்கப் பெரிய கண்ணாடி வேண்டும், சரி. செங்கீழ்க்கதிர் எதற்கு?

பௌதிக டீச்சர் | களுவாஞ்சிகுடி

வ அலைக்கும் ஸலாம். உங்கள் தொழிலிலேயே சொல்கிறேன், பிழையாக இருந்தால் திருத்துங்கள். இழுபடக்கூடிய ஒரு நூலில் விரற்கடைக்கு ஒன்றாகப் புள்ளி வைத்துச் சாயம் போடுகிறீர்கள். பிறகு இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கிறீர்கள். புள்ளிகளுக்கு இடையே உள்ள தூரம் கூடிவிடும், அல்லவா? ஒளி வந்துகொண்டிருக்கும்போதே பிரபஞ்சம் விரிகிறது. அலையின் மேடுகளுக்கு இடையே உள்ள தூரமும் அதே அளவுக்குக் கூடுகிறது. இதைச் செம்பெயர்ச்சி என்கிறோம்.

ஹைட்ரஜன் அணு விடும் ஒரு புறஊதா ஒளி இருக்கிறது, அலைநீளம் 0.1216 மைக்ரோன். மிகத் தொலைவான ஒரு மண்டலத்திலிருந்து புறப்பட்டு நம்மை வந்து சேரும்போது அது பதினைந்து மடங்கு இழுபட்டு ஏறத்தாழ 1.85 மைக்ரோன் ஆகியிருக்கும். புறப்படும்போது புறஊதா, வந்து சேரும்போது செங்கீழ். நடுவில் கண்ணுக்குத் தெரியும் நிறங்கள் எல்லாவற்றையும் தாண்டிவிட்டது. ஹபிளால் 1.7 மைக்ரோனுக்கு அப்பால் பார்க்க முடியாது. அதன் கண்ணாடி 2.4 மீற்றர், வெப்பினுடையது 6.5 மீற்றர், அது வேறு விடயம். ஹபிள் எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் இந்த ஒளி அதற்கு இருட்டு.

இன்னொன்று, வெப்பம் உள்ள பொருள் எதுவும் செங்கீழ்க்கதிரை விடும், தொலைகாட்டியும்தான். சொந்தச் சூட்டிலேயே குருடாகிவிடாமல் இருக்கத்தான் ஐந்து அடுக்குக் குடையைப் பிடித்துக்கொண்டு, பூமியிலிருந்து 15 இலட்சம் கிலோமீற்றருக்கு அப்பால், சூனியத்துக்குக் கீழே 230 பாகைக் குளிரில் அது வேலை செய்கிறது.

தறிக்காரன் | மருதமுனை

நூலை இழுத்தால் சாயம் வெளிறும் டீச்சர், அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

பௌதிக டீச்சர் | களுவாஞ்சிகுடி

வெளிறத்தான் செய்கிறது. இழுபட்ட ஒளியின் சக்தி குறைகிறது. இதை நான் வகுப்பில் சொன்னதே இல்லை. நன்றி நானா.

வாவிக்கரை | மட்டக்களப்பு

அப்படியென்றால் மிகத் தொலைவான மண்டலம் எது? 135 கோடி ஒளியாண்டு என்று ஒரு இடத்திலும் 1350 கோடி என்று இன்னோர் இடத்திலும் 3300 கோடி என்று வேறோர் இடத்திலும் படித்தேன்.

கணக்குப்பிள்ளை | அக்கரைப்பற்று

135 கோடி என்று எழுதியவர் பில்லியனைக் கோடியாக்கும்போது ஒரு சைபரை விழுங்கிவிட்டார். ஒரு பில்லியன் நூறு கோடி. இதில் தடுக்கி விழாத தமிழ்ச் செய்தி அரிது.

மற்ற இரண்டும் சரி. குழப்பம் எங்கே என்றால் இங்கே:

வெப்பைக் கொண்டு மிகத் தொலைவான மண்டலங்களைத் தேடும் ஜேட்ஸ் ஆய்வுக்குழு 2024 மே மாதம் அறிவித்த மண்டலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பெயர் ஜேட்ஸ்-ஜிஎஸ்-இசட்14-0. பிரபஞ்சத்தின் வயது 1380 கோடி ஆண்டுகள். பிரபஞ்சம் பிறந்து ஏறத்தாழ 29 கோடி ஆண்டுகள் ஆனபோது அந்த மண்டலத்திலிருந்து புறப்பட்ட ஒளி இது. ஆகவே ஒளி பயணம் செய்த காலம் 1350 கோடி ஆண்டுகள். ஆனால் அது பயணம் செய்த வீதியும் நீண்டுகொண்டே இருந்தது. மட்டக்களப்பிலிருந்து கல்முனைக்குப் பஸ் ஏறுகிறீர்கள், 40 கிலோமீற்றர். நீங்கள் களுதாவளையைத் தாண்டும்போது பின்னால் கடந்த வீதியும் நீள்கிறது, முன்னால் இருப்பதும் நீள்கிறது. கல்முனையில் இறங்கிப் பார்த்தால் மட்டக்களப்பு இப்போது 100 கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கும். பஸ் ஓடிய நேரத்தை வைத்து அந்தத் தூரத்தைச் சொல்ல முடியாது. அந்த மண்டலம் இப்போது நமக்கு 3300 கோடி ஒளியாண்டுக்கும் அப்பால் இருக்கிறது.

சாதனையும் அதனிடம் இல்லை. 2025 இல் மாம்-இசட்14 என்ற மண்டலம் முந்திவிட்டது, அது 28 கோடி ஆண்டுக் கணக்கு. பிரபஞ்சத்தின் ஆயுளை ஒரு நாளாக்கினால் இரண்டும் விடிவதற்கு முன்பே, முதல் அரை மணி நேரத்தில் நடந்தவை.

சும்மா ஒருவன் | ஏறாவூர்

படத்தில் இருப்பது ஒரு சிவப்புப் புள்ளி. அந்தச் சிவப்பும் நீங்கள் அடித்ததுதான் என்று டீச்சரே ஒத்துக்கொண்டுவிட்டார். அதை வைத்து 28 கோடி, 29 கோடி என்று பிறந்த நட்சத்திரம் பார்ப்பதுபோல் சொல்கிறீர்கள். கிட்ட இருக்கும் சிவப்பான ஒரு சாமானாக ஏன் இருக்கக்கூடாது?

புளியந்தீவு வாசி | மட்டக்களப்பு

இந்த இழையில் இதுவரை கேட்டதில் மிகக் கூர்மையான கேள்வி இது. ஏறாவூர் நண்பர் திட்டுவதற்காகக் கேட்டிருக்கலாம், ஆனாலும் கேட்டார். ஏனென்றால் அப்படி நடந்தே இருக்கிறது.

வெப் வேலை தொடங்கிய 2022 இல் படங்களை மட்டும் வைத்துப் பலர் பாய்ந்து பாய்ந்து கட்டுரை எழுதினார்கள். சீயர்ஸ்-93316 என்ற மண்டலத்தின் செம்பெயர்ச்சி (ஒளி இழுபட்ட மடங்கில் ஒன்றைக் கழித்தால் வரும் எண்) 16 க்கு மேல், பிரபஞ்சம் பிறந்து 25 கோடி ஆண்டுகள்கூட ஆகாத காலம் என்று சொன்னார்கள். அடுத்த வருடம் அதன் ஒளியைப் பிரித்து நிறமாலை எடுத்துப் பார்த்தார்கள். செம்பெயர்ச்சி 4.9. அதாவது பிரபஞ்சத்துக்கு நூறு கோடி வயது தாண்டிய பிறகு இருந்த மண்டலம். தூசியும் அதன் வாயுக்கள் விடும் சில பலத்த ஒளிக்கோடுகளும் சேர்ந்து, வடிகட்டிகளில் மிகத் தொலைவான ஒன்றைப்போல வேடம் போட்டிருந்தன. நண்பர் சொன்ன அதே "கிட்ட இருக்கும் சிவப்பான சாமான்".

என் கட்சி இதுதான்: படத்தைப் பார்த்து வாய் பிளக்கலாம், ஆனால் நம்புவதற்கு நிறமாலை வேண்டும். யாரும் சுவரில் மாட்டாத, பத்திரிகை போடாத, கோணல் மாணலான ஒரு கோட்டு வரைபடம். உயர்தரத்தில் திருசியம் என்று மனப்பாடம் செய்தீர்களே, அதேதான். ஜேட்ஸ் மண்டலத்தின் வரைபடத்தில் 1.85 மைக்ரோனுக்குக் குறைந்த அலைநீளத்தில் ஒன்றுமே இல்லை, வெறும் இரைச்சல். அந்த இடத்தில் சுவர்போல எழுந்து, பிறகு ஒளி தொடர்கிறது. ஹைட்ரஜன் வாயு தன் பங்கை விழுங்கிய இடம் அது. பின்னர் சிலியில் உள்ள அல்மா வானொலித் தொலைகாட்டிகள் அதே மண்டலத்தில் ஒட்சிசன் விடும் கோட்டைப் பிடித்து, செம்பெயர்ச்சியை 14.32 இலிருந்து 14.18 ஆகத் திருத்தின. அந்த வயதில் ஒட்சிசன் இருக்கிறது என்றால், அதற்கு முன்பே விண்மீன்கள் பிறந்து, எரிந்து, வெடித்து முடிந்திருக்கின்றன. எனக்கு இது எந்த வண்ணப் படத்தையும்விடப் பெரிய அதிசயம்.

சும்மா ஒருவன் | ஏறாவூர்

பிழை விட்டதை அவர்களே சொன்னார்களா, வேறு யாராவது பிடித்தார்களா?

புளியந்தீவு வாசி | மட்டக்களப்பு

அதே ஆய்வுத்துறைக்காரர்கள்தான், ஆய்விதழிலேயே வெளியிட்டார்கள். பழைய கதை ஒன்றும் இருக்கிறது. 1990 ஏப்ரலில் ஹபிளை ஏவி, சில வாரங்களில் படம் மங்கல் என்று தெரிந்தது. கண்ணாடியின் விளிம்பை 2.2 மைக்ரோன் கூடுதலாகத் தேய்த்துவிட்டார்கள், தலைமுடித் தடிப்பில் ஐம்பதில் ஒரு பங்கு அளவு. உலகமே சிரித்தது. 1993 டிசம்பரில் விண்வெளி வீரர்கள் மேலே போய்த் திருத்தும் ஒளியியல் கருவிகளைப் பொருத்தினார்கள். வெப்புக்கு அந்த வசதி இல்லை. அது நிலவைவிட நாலு மடங்கு தூரத்தில் இருக்கிறது, மெக்கானிக் போக முடியாது.

திருத்திய ஹபிள் செய்த முதல் துணிச்சலான வேலை 1995 டிசம்பரில். அதன் அறிவியல் நிறுவனத்தின் இயக்குநர் ரொபர்ட் வில்லியம்ஸ் தனக்கென ஒதுக்கிய நேரத்தை எடுத்து, வானத்தில் ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தைப் பார்க்கப் பத்து நாள் செலவழித்தார். வீண் என்று கூடவேலை செய்தவர்கள் சிலர் தடுத்துப் பார்த்தார்கள். 342 தடவை எடுத்த படங்களை ஒன்று சேர்த்தால் ஏறத்தாழ 3000 மண்டலங்கள்.

உப்புக்காற்று | பொத்துவில்

இவ்வளவு பேசுகிறீர்கள், ஒருவராவது வெளியே போய் மேலே பார்த்தீர்களா?

வெப்பின் முதல் படம் எடுக்கப்பட்ட திசை நம் வானத்தில்தான் இருக்கிறது. அமெரிக்காவில் இருப்பவர்களுக்கு அது அடிவானத்துக்குக் கீழே, எழும்பவே எழும்பாது. மார்ச் நடுவில் இரவு எட்டு மணிக்கு நேர்தெற்கே திரும்பி நில்லுங்கள். கையை நீட்டி விரல்களை மடக்கி முட்டியாக்கி அடிவானத்தின் மேல் வையுங்கள். முட்டி முடியும் இடம், ஒன்பது பாகை. அங்கே, நீட்டிய கையில் பிடித்த ஒரு மணல் அளவு இடம். இந்த மணல் உவமையை எல்லோரும் எழுதுகிறார்கள் என்று நானும் கடற்கரையில் இரவில் செய்து பார்த்தேன். இருட்டில் மணலே தெரியவில்லை. பிறகு பகலில் விரல் நுனியில் தேங்காய் எண்ணெய் தொட்டு ஒரு மணலை ஒட்டிக் கையை நீட்டிப் பார்த்தேன். காற்று அதையும் கொண்டு போய்விட்டது. போகும் முன் ஒரு கணம் பார்த்துவிட்டேன், அது போதும். அந்த அளவு இடத்துக்குள் ஆயிரக்கணக்கில்.

ஜேட்ஸ் மண்டலத்தின் திசை இன்னும் வசதி. ஜனவரியில் மழை விட்ட இரவுகளில், எட்டு மணிக்குத் தெற்கே பாதி வானத்துக்கு மேல்.

வெறுங்கண்ணுக்கும் ஒரு மண்டலம் உண்டு. பிப்ரவரியில் நிலவு இல்லாத இரவில், தெற்கே அடிவானத்துக்கு ஒரு முட்டியும் கொஞ்சமும் மேலே, யாரோ புகையை ஊதிவிட்டதுபோல ஒரு திட்டு. பெரிய மகெலன் மேகம், 1 இலட்சத்து 60 ஆயிரம் ஒளியாண்டு. பாணமைப் பக்கம் போனால் விளக்கு வெளிச்சம் இல்லை. பிறை பார்க்க மேற்கே பார்த்தே பழகிய நம் ஆட்கள் தெற்கே திரும்ப மாட்டார்கள், அதுதான் குறை.

தறிக்காரன் | மருதமுனை

உண்மை. 2022 ஏப்ரல் தொடக்கத்தில் நீண்ட மின்வெட்டுகள் வந்தபோது ஒரு நாள் தறியை நிறுத்திவிட்டு முற்றத்துக்கு வந்தேன். தெற்கே சிலுவைபோல நாலு வெள்ளிகள், பக்கத்தில் பால் சிந்தியதுபோல ஒரு பாதை. நாற்பது வருடமாக அதே முற்றம். அன்றுதான் பார்த்தேன்.

சும்மா ஒருவன் | ஏறாவூர்

இனி யாராவது மட்டக்களப்பு வாவியின் பாடுமீனைக் கொண்டு வருவார்கள் என்று காத்திருக்கிறேன்.

பௌதிக டீச்சர் | களுவாஞ்சிகுடி

கொண்டு வரத்தான் இருந்தேன்! துடுப்பைத் தண்ணீரில் விட்டு மறுமுனையில் காதை வைத்தால்தானே வாவிப் பாட்டுக் கேட்கும், செங்கீழ்க்கதிருக்கும் அப்படித்தான் என்று எழுதி வைத்திருந்தேன். அழித்துவிட்டேன், போதுமா?

வாவிக்கரை | மட்டக்களப்பு

ரிமோட் சோதனை முடிந்தது. மாமா தன் கையாலேயே பொத்தானை அழுத்தினார். ஊதா வெளிச்சத்தைப் பார்த்தார். ரிமோட்டைத் திருப்பி வெறுங்கண்ணால் பார்த்தார். மறுபடி கைபேசியில். பத்துத் தடவையாவது இருக்கும். டீச்சர் எழுதியதை வாசித்துக் காட்டினேன். ஆறு வடிகட்டி என்ற இடத்தில் நிறுத்தி, "அப்படியென்றால் ஆறு நெகட்டிவ்" என்றார். பழைய காலத்தில் கலர் அச்சுக்கு ஒரு படத்தை நாலாகப் பிரித்துத்தான் பிளேட் எடுப்பார்களாம், அது தனக்குப் புரிகிறதாம். மன்னிப்பும் கேட்டேன், இஞ்சிப் பிளேன்டீயும் கிடைத்தது.

அத்தோடு முடியவில்லை. உருப்பெருக்கியை எடுத்து வந்து திரையில் வைத்துக்கொண்டு, "இதில் ஸ்டார் ஃபில்டர் போட்டிருக்கிறான்" என்று தொடங்கிவிட்டார். கல்யாண வீட்டில் குத்துவிளக்குச் சுடர் கூர் கூராகத் தெரிய லென்ஸுக்கு முன்னால் மாட்டுவார்களே, அது. வெள்ளிகளுக்கு ஆறு கூர் இருக்கிறது, மற்றவற்றுக்கு இல்லை, ஏன் என்கிறார்.

புளியந்தீவு வாசி | மட்டக்களப்பு

உங்கள் மாமாவை இந்த மன்றத்தில் சேர்த்துவிடுங்கள்.

ஃபில்டர் இல்லை. வெப்பின் கண்ணாடி பதினெட்டு அறுகோணத் துண்டுகளால் ஆனது. அந்த விளிம்புகளில் ஒளி சிதறி ஆறு பெரிய கூர்களை உண்டாக்குகிறது. முன்னால் இருக்கும் சிறு கண்ணாடியைத் தாங்கும் மூன்று கால்களும் தம் பங்குக்குச் சிதறடிக்கும். அவற்றில் பெரும்பாலானவை முதல் ஆறின் மேலேயே விழும்படி அமைத்திருக்கிறார்கள். மீதி இரண்டு சிறு கூர்கள் கிடையாக நிற்கும். ஹபிளுக்கு நாலு கூர். கூர் தெரிபவை பெரும்பாலும் நம் பால்வீதியில் கிட்ட இருக்கும் வெள்ளிகள், ஊசிமுனை ஒளி. மண்டலங்கள் பரந்து மங்கிக் கிடப்பதால் கூர் எடுபடாது. பின்னால் இருப்பது மண்டலமா, முன்னால் குறுக்கே வந்த வெள்ளியா என்று பிரித்தறிய இது நல்ல அடையாளம்.

வாவிக்கரை | மட்டக்களப்பு

வாசித்துக் காட்டினேன். "எட்டு என்று நான் முதலே எண்ணிவிட்டேன், உன்னிடம் ஆறு என்று சொன்னது நீ எண்ணுகிறாயா என்று பார்க்க" என்கிறார். நம்புவதா என்று தெரியவில்லை.

உப்புக்காற்று அண்ணன், பிப்ரவரியில் மாமாவைக் கூட்டிக்கொண்டு பொத்துவிலுக்கு வருகிறோம். அந்தப் புகைத் திட்டைப் பழைய கமராவிலேயே எடுப்பாராம், டிஜிட்டலைத் தொட மாட்டாராம். முக்காலி இருக்கிறது, ஷட்டர் கேபிள் இருக்கிறது. ஐஎஸ்ஓ 400 கறுப்பு வெள்ளை ஃபிலிம் ரோல் இரண்டு வேண்டும். எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர்கள் எழுதுங்கள்.